திருப்பை மெய்க்கீர்த்தி

நாடு வென்றவனுக்கும் ஏரி வெட்டியவனுக்கும் கல்லில் மெய்க்கீர்த்தி பொறித்து வைத்த மரபு நம்முடையது. வாளெடுக்காமல், படை நடத்தாமல், ஒரு தோல்பையைக் காட்டியும் காட்டாமலும் கண்டம்தோறும் பெண்மனங்களைத் திறை செலுத்தவைத்த பாரிஸ் மாநகரத்துப் பைவணிகப் பெருந்தகைகளுக்கு மட்டும் இதுவரை யாரும் ஒரு வரி பொறிக்கவில்லை. செய்ந்நன்றி மறந்த உலகத்தின் சார்பில் அடியேன் அந்தக் கடனைத் தீர்க்க வருகிறேன்.

வாடிக்கையாளரே தெய்வம் என்று நம்மூர் மளிகைக்கடைச் சுவர்களில் எழுதி மாட்டியிருப்பார்கள். எத்தனை பெரிய அறியாமை! கடைக்காரன் கைகட்டி நிற்பதும், வாங்க வந்தவள் விரலை நீட்டி அதை எடு, இதை எடு என்று அதிகாரம் செய்வதும் காலங்காலமாக நடந்துவந்த முறைகேடு. அதைத் திருத்தி, கருவறையில் பையை எழுந்தருளச் செய்து, வாங்க வந்தவளை வாசலில் பக்தையாக நிற்கவைத்த பெருமை இவர்களுடையது.

இவர்களில் தலைமகன் ஹெர்மெஸ் குலம். 1837-இல் பாரிஸில் குதிரைகளுக்குச் சேணமும் கடிவாளமும் தைக்கத் தொடங்கிய குடும்பம். வாகனங்கள் வந்து குதிரைகள் போன பின்னும் குலத்தொழில் மறக்கவில்லை. இன்றைக்கும் பைகளை அதே சேணத் தையலில், இரண்டு ஊசி கொண்டு கையால்தான் தைக்கிறார்கள். ஒரு பையை ஒரே கைவினைஞர் பல மணி நேரம் உட்கார்ந்து முடிப்பார். அந்த வேலையின் நேர்த்தியை யாரும் குறைசொல்ல முடியாது. ஆனால் அந்தக் குலத்தின் மேலான தேர்ச்சி ஊசியில் இல்லை. பூட்டுவது தெரியாமல் கடிவாளம் பூட்டும் கலை அது. இருநூறு ஆண்டு நெருங்கியும் அந்தக் கலை துளியும் மங்கவில்லை.

பிர்கின் திருப்பையின் அவதாரக் கதையைக் கேட்டால் உள்ளம் உருகும். 1980-களின் தொடக்கத்தில் பாரிஸிலிருந்து லண்டன் போகும் விமானம். ஜேன் பிர்கின் என்ற நடிகை கையில் ஓலைக்கூடை. அதிலிருந்த சாமான்கள் சரிந்து கொட்டின. பக்கத்து இருக்கையில் ஹெர்மெஸ் குலத் தலைவர் ஜான் லூயி துமா. இளந்தாய்க்கு வேண்டிய அளவில் ஒரு பை கிடைப்பதில்லையே என்று அந்தப் பெண் சொல்ல, இருக்கையில் செருகியிருந்த வாந்திப்பையை எடுத்து அதன்மேலேயே வரைந்து பார்த்தார்கள். குழந்தையின் பால்புட்டிக்கும் அதில் இடம் குறித்தார்கள். 1984-இல் பை பிறந்தது.

சாதாரண வணிகர் என்றால் என்ன செய்திருப்பார்? பால்புட்டி கொள்ளும் பையை ஊரிலுள்ள தாய்மார்களுக்கெல்லாம் விற்றிருப்பார். இவர்கள் அந்தச் சிறுமைக்கு இறங்கவில்லை. பையைச் சுமக்கும் தொழிலிலிருந்தே விடுவித்தார்கள். இன்று அதற்குள் பால்புட்டி வைப்பவரைக் காண்பது அரிது. நகக்கீறல் படுமோ, மைக்கறை படுமோ என்று பஞ்சணை திணித்து அலமாரியில் உறங்கவைக்கிறார்கள். நம் பாட்டிமாரின் சுருக்குப்பை பாவம், வெற்றிலையும் சில்லறையும் சுமந்தே தேய்ந்துபோனது. உழைக்காமல் வாழும் பேறு அதற்கு எழுதியிருக்கவில்லை.

இந்தத் திருப்பையை அடையும் நெறியைச் சொல்லப் புகுந்தால் நா எழவில்லை. ஒரு பெண் பணத்தோடு கடைக்குள் நுழைகிறாள். பணம் இருந்தால் பொருள் கிடைக்கும் என்பது சந்தைக்கடை நியாயம். இங்கே வணங்கத்தக்க பணிவோடு ஒரு பதில் வரும்: "மன்னிக்க வேண்டும் மேடம், இன்றைக்கு எங்களிடம் எதுவும் இல்லை." எப்போது வரும்? புன்னகை. வரிசைப் பட்டியல் உண்டா? இன்னொரு புன்னகை. பாரிஸில் தோல்பொருள் பிரிவில் ஒருவரைச் சந்திப்பதற்கே முதல்நாள் விண்ணப்பிக்க வேண்டும். கிடைப்பதும் கிடைக்காததும் திருவுளம். சந்தித்தாலும் கேட்ட நிறமும் கேட்ட அளவும் கிடைக்கும் என்பதற்கு உறுதியில்லை. என்றாவது உள்ளேயிருந்து ஒரு பெட்டி வரும். வந்ததை ஏற்றுக்கொள்ள வேண்டும். வாங்குகிறவர்கள் அந்தப் பையை வாங்கினேன் என்று சொல்வதில்லை, எனக்கு ஆஃபர் வந்தது என்கிறார்கள். கோயிலில் உத்தரவு வந்தது என்பதுபோல அந்தச் சொல்லை அவர்கள் உச்சரிக்கும் அழகைக் கேட்க வேண்டும்.

அதுவரை சும்மா இருக்கலாமா? பட்டுத் துணி வாங்கலாம், காலணி வாங்கலாம், சாப்பாட்டுத் தட்டு வாங்கலாம், கம்பளி வாங்கலாம். அதெல்லாம் கணக்கில் ஏறும், கணக்கு நிறைந்தால் ஒருநாள் கதவு திறக்கும் என்பது பக்தைகளிடையே நிலவும் அசையாத நம்பிக்கை. கடையார் அப்படி எதுவும் சொல்வதில்லை. சொல்லாமலே நம்பவைப்பது எவ்வளவு பெரிய சித்தி! கலிபோர்னியாவில் சிலர் பொறுமை இழந்து, மற்றப் பொருளை வாங்கினால்தான் பை என்று கட்டாயப்படுத்துகிறார்கள் என 2024-இல் வழக்கே தொடுத்தார்கள். 2025-இல் நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்தது. சட்டத்தின் கைக்கு எட்டாத உயரத்தில் ஆசையைக் கட்டிவைத்த சிற்பிகளுக்கு இதைவிட வேறென்ன சான்றிதழ் வேண்டும்? 2024-இல் ஹெர்மெஸ் குலத்தின் விற்பனை சுமார் 1,500 கோடி யூரோ. நூறு யூரோ உள்ளே வந்தால் நாற்பது இயக்க லாபமாக நிற்கிறது. தங்களிடம் மார்க்கெட்டிங் துறையே கிடையாது என்று அவர்கள் சொல்லிக்கொள்வார்கள். உண்மைதான். இல்லை என்று சொல்லும் ஒரு வாய் இருந்தால் போதும், கூவி விற்க இன்னொரு வாய் எதற்கு?

விலை ஏறினால் வாங்குவோர் குறைவார்கள் என்று பொருளியல் பாடத்தில் படித்திருப்போம். ஷனேல் மாளிகையார் அந்தப் பாடப்புத்தகத்தைக் கருணையோடு மூடிவைத்தார்கள். 2019-இல் அமெரிக்காவில் 5,800 டாலர் அளவில் இருந்த நடுத்தர அளவு கிளாசிக் பை, 2024-இல் 10,000 டாலருக்கு மேல் இருந்தது. அதே தோல், அதே சங்கிலி, அதே மெத்தைத் தையல். இடையில் 2021-இல் தென்கொரியாவின் சியோல் நகரில் விலை ஏறப்போகிறது என்று செய்தி பரவியதும், பெண்களும் ஆண்களும் விடியுமுன்பே அங்காடி வாசலில் வரிசை கட்டினார்கள். கதவு திறந்ததும் ஓடுவார்கள். அந்த ஓட்டத்துக்கு 'ஓப்பன் ரன்' என்று ஒரு பெயரே உண்டு. பஞ்சகாலத்தில் அரிசிக்கு ஓடியவர்களை வரலாறு கண்டிருக்கிறது. வயிறு நிறைந்தவர்களை அதே வேகத்தில் ஓடவைத்தது இவர்களின் அருளாட்சி. விலை உயர உயர ஆசையும் உயரும் பொருள்கள் உண்டு என்று பொருளியலறிஞர் தார்ஸ்டைன் வெப்லன் 1899-இல் எழுதியபோது அதைக் கண்டனம் என்று பலர் நினைத்தார்கள். பைவணிகப் பெருந்தகைகள் அதைக் கைநூலாகவே கொண்டார்கள்.

கொடைமடத்தைச் சொல்லாமல் மெய்க்கீர்த்தி நிறையாது. மயிலுக்குக் குளிருமென்று போர்வை தந்தான் பேகன். கொடிக்குத் தேர் ஈந்தான் பாரி. லண்டன் மாநகரத்துப் பர்பெரி மாளிகையாரோ இருவரையும் விஞ்சி, அக்கினி பகவானுக்கே ஈந்தார்கள். விற்காமல் தங்கிய ஆடை, அணி, வாசனைத் திரவியம் எல்லாம் சேர்த்து ஒரே ஆண்டில் 2 கோடியே 86 லட்சம் பவுண்டு மதிப்புள்ள சரக்கை அழித்ததாக 2018-இல் அவர்களின் ஆண்டறிக்கையே சொன்னது. தள்ளுபடி விலையில் விற்றால் தகாதவர் தோளில் ஏறிவிடுமே என்ற தாய்மைக் கவலை! லண்டன் குளிரில் நடைபாதையில் படுத்திருப்பவனின் தோளும் தோள்தான். ஆனால் அந்தத் தோள் பிராண்டின் மதிப்பைத் தாங்காது. ஊரார் பேச்சு பெருகியதும் அதே ஆண்டு செப்டம்பரில் அந்த வேள்வியை நிறுத்திக்கொண்டார்கள்.

இவை எல்லாவற்றிலும் அடியேனை மெய்சிலிர்க்க வைப்பது பெயர்சூட்டு விழா. 1956-இல் கிரேஸ் கெல்லி, மொனாக்கோ இளவரசி, புகைப்படக்காரர்கள் சூழ்ந்தபோது தன் கருவுற்ற வயிற்றைக் கைப்பையால் மறைத்தார். ஒரு பெண் கேமராவிலிருந்து தப்ப நினைத்த அந்தக் கணத்தையே பொன்னாக மாற்றி, அந்தப் பைக்கு 'கெல்லி' என்று பெயரிட்டது ஹெர்மெஸ். இன்று கேமராவின் முன் நிற்பதற்கென்றே அதை வாங்குகிறார்கள். கேமராக்களால் வாழ்நாளெல்லாம் துரத்தப்பட்ட டயானாவுக்கு 1995-இல் பரிசாகப் போன டியோர் மாளிகைப் பை 'லேடி டியோர்' ஆயிற்று. ஜாக்குலின் கென்னடியின் தோளில் தொங்கியது கூச்சி மாளிகையின் 'ஜாக்கி'. பெண்களின் பெயர் பைகளுக்கு வந்தது. அந்தப் பையைத் தூக்கிக்கொண்டு தெருவில் ஒரு பெண் போனால் யாரும் அவள் பெயரைக் கேட்பதில்லை, "அது கெல்லியா, பிர்கினா?" என்று கேட்கிறார்கள். பெயர் என்னும் சுமையிலிருந்து பெண்ணினத்தை விடுவித்த இந்தக் கருணைக்கு ஈடு எது?

விளம்பரங்களின் அடக்கத்தையும் பாட வேண்டும். பை எத்தனை நாள் உழைக்கும், எவ்வளவு கொள்ளும் என்று அவை ஒருபோதும் பேசுவதில்லை. படத்தில் ஒரு பெண் யாரையும் பார்க்காமல் எங்கோ பார்த்துக்கொண்டிருப்பாள். அவளுக்கு எதுவும் குறைவில்லை. பார்க்கிறவளுக்கு அந்த நொடிவரை தன்னிடம் குறை ஏதும் தெரிந்திருக்காது. பக்கத்தைப் புரட்டும்போது தெரிந்திருக்கும். இல்லாத காயத்தை வலியில்லாமல் உண்டாக்கி, மருந்தின் விலையை மென்மையாகக் காதில் சொல்லும் இந்த வைத்தியம் தன்வந்திரிக்கும் கைவராதது. பதவி உயர்வு வந்தால் உனக்கு நீயே தரும் பரிசு என்பார்கள். மணமுறிவு வந்தால் உன் விடுதலையின் அடையாளம் என்பார்கள். விலை கேட்டு நெஞ்சடைத்தால், இது செலவல்ல, முதலீடு என்று ஆறுதலும் அவர்களே தருவார்கள். பெண் தன் உழைப்பால் முதன்முதலாகத் தனக்கென்று சேர்த்த காசு எங்கே போய்ச் சேர வேண்டும் என்பதில் இவர்களுக்குள்ள அக்கறை பெற்ற தாய்க்கும் வராது.

பெட்டி திறக்கும் படலம் ஒன்றைக் காணொளியில் பார்த்தேன். முதலில் ஆரஞ்சு நிறப் பெட்டி. போர்க்காலத் தட்டுப்பாட்டில் அட்டைக்காரரிடம் மிஞ்சியிருந்த நிறம் அது என்பார்கள், இன்று கண்ணில் பட்டாலே நெஞ்சு படபடக்கும் நிறம். அதன்மேல் பழுப்பு நாடா. அதை அவிழ்க்கும்போது அந்தப் பெண்ணின் விரல்கள் நடுங்கின. உள்ளே மெல்லிய தாள். தாளுக்குள் துணியுறை. உறைக்குள் பை. சின்னப் பூட்டு, தோல் குப்பிக்குள் இரண்டு சாவி. கடைசியாக, நாலாக மடித்த ஒரு மழைச்சட்டை. பைக்குத்தான். மழை வந்தால் பை நனையக்கூடாது என்று வணிகப் பெருந்தகைகள் இலவசமாக வைத்தனுப்பியது. பெண் நனைந்தால்? அவளைத்தான் பை என்றோ கரையேற்றிவிட்டதே. அவள் அழுதுகொண்டிருந்தாள். கீழே ஆயிரக்கணக்கான பெண்கள் வாழ்த்தியிருந்தார்கள். எனக்கு எப்போது என்று ஒருத்தி கேட்டிருந்தாள், ஊர் பேர் இல்லாமல்.

2024 ஜூனில் இத்தாலியின் மிலான் நீதிமன்றம் டியோரின் துணை நிறுவனம் ஒன்றை நீதிமன்ற மேற்பார்வையில் வைத்தது. துணை ஒப்பந்தக்காரர்களின் பட்டறைகளில் நடப்பதைக் கவனிக்கத் தவறியது காரணம். ஆவணங்களின்படி, கடையில் 2,600 யூரோவுக்கு விற்கும் ஒரு பையைத் தைத்துக் கொடுத்த பட்டறைக்கு, தோல் முதலான மூலப்பொருள் சேராமல், 53 யூரோ போயிற்று. விரைவாக ஓடட்டும் என்று இயந்திரங்களின் பாதுகாப்புக் கருவிகளைக் கழற்றியிருந்தார்கள். தொழிலாளர்கள் பட்டறையிலேயே படுத்துறங்கினார்கள். மின்சாரக் கணக்கை எடுத்துப் பார்த்தால் இரவும் பகலும் விடுமுறை நாளும் ஒன்றுபோல ஓடியிருந்தது. மறு ஆண்டே மேற்பார்வை முடிந்தது, நிறுவனம் தன்னைச் சீர்செய்துகொண்டது. என் வியப்பு அந்த 53-க்கும் 2,600-க்கும் நடுவில் நிற்கிறது. அந்த இடைவெளியில் தோல் கொஞ்சம் இருக்கிறது, கண்ணாடி மாளிகை இருக்கிறது, எங்கோ பார்க்கும் பெண்ணின் படம் இருக்கிறது. எல்லாம் போக மீதம் முழுவதும் வாங்குகிறவளின் ஏக்கம். தன் ஏக்கத்தைத் தானே காசு கொடுத்து வாங்கி, தோளில் மாட்டிக்கொண்டு, நிமிர்ந்து நடக்கிறாள். ராத்திரியெல்லாம் தைத்தவள் தையல் மேசைக்கு அருகே சுருண்டு படுத்திருக்கிறாள். இரண்டு பெண்களும் ஒருவரையொருவர் ஒருநாளும் பார்க்காதபடி நடுவில் அத்தனை அழகான திரை நெய்த கைகளுக்குப் பல்லாண்டு பல்லாண்டு.

ஜேன் பிர்கின் தன் பையை அலமாரியில் வைக்கவில்லை. தொண்டு நிறுவனங்களின் ஒட்டுவில்லைகளை அதன்மேல் ஒட்டினார். நகவெட்டியை அதிலேயே தொங்கவிட்டார். கண்டதையும் திணித்தார், தோள் வலிக்கிறது என்று குறைப்பட்டார், கடைசியில் 1994-இல் எய்ட்ஸ் நிதிக்காக ஏலத்துக்குக் கொடுத்துவிட்டார். அதே பை 2025 ஜூலை 10 அன்று பாரிஸில் மறுபடி ஏலத்துக்கு வந்தது. ஒட்டுவில்லை உரிந்த தடம் அப்படியே இருந்தது. நகவெட்டியும் இருந்தது. சில நிமிடங்களில் 86 லட்சம் யூரோவுக்குப் போயிற்று. திறந்து காட்டியிருந்தால் உள்ளே, பால்புட்டிக்கென்று குறித்த இடம் காலியாக இருந்திருக்கும்.