கம்பி எடையும் பைத்தானும்

மாப்ளே, உன் கிளாஸை ஒண்ணும் மாத்தாதே. அப்படியே நடத்து. போன வாரம் உங்க காலேஜ்ல தண்ணித் தொட்டி ஒழுகுதுன்னு கூப்பிட்டாங்களே, அன்னிக்கு லேப் ஜன்னலோரம் வெத்தலை மென்னுக்கிட்டே கொஞ்ச நேரம் நின்னேன். அடடா, என்ன அமைதி! சிவில், மெக்கானிக்கல் பசங்க அத்தனை பேரும் நீ ஸ்கிரீன்ல போட்டதைப் பார்த்துப் பார்த்து அடிச்சிட்டிருந்தாங்க. அதுல ஒருத்தனுக்குப் பயபக்தி ஜாஸ்தி. வரிக்கு முன்னால இருந்த ஒண்ணு, ரெண்டு நம்பரையும் சேர்த்தே அடிச்சான். மெஷின் ஒத்துக்கலை. பையன் அசரணுமே? ரெக்கார்டு நோட்டை எடுத்தான், ஓடாத புரோகிராமுக்கு அவுட்புட்டை அழகா எழுதிட்டான். கல்யாணத்துக்கு முன்னாலயே வளைகாப்பு! நீயும் சிவப்பு மையில டிக் அடிச்சுக் கையெழுத்துப் போட்டே பாரு, அங்கதான் நிக்கிற.

வீட்டுக்கு வந்து பேத்தியைக் கேட்டேன். அண்ணா யுனிவர்சிட்டி 2017-லயே சி-யைத் தூக்கிட்டு, எந்தப் பிரிவா இருந்தாலும் முதல் வருஷம் பைத்தான்னு வச்சிடுச்சாம். 2021 சிலபஸைப் போன்ல படிச்சும் காட்டினா. லேப்புக்கு மொத வேலையே கரண்ட் பில், கடை பில், மோட்டார் சைக்கிள் எடை, இரும்புக் கம்பி எடை. தியரியில, அடுக்கின சீட்டுக்கு நடுவுல புதுச் சீட்டைச் சொருகுறது, மனசுல நினைச்ச நம்பரைக் கண்டுபிடிக்கிறது. அட பாவி! சென்ட்ரிங் பலகை மேல உக்காந்து நாங்க மத்தியானம் மத்தியானம் ஆடினதுக்கா நீ மூணு நாள் பவர்பாயின்ட் போட்டே?

கம்பி எடை எனக்குத் தெரியாததா? எம்எம் கணக்குல விட்டத்தை விட்டத்தாலயே பெருக்கு, 162-ஆல வகு, மீட்டருக்கு இத்தனை கிலோ. 12 எம்எம் கம்பின்னா 888 கிராம். 12 மீட்டர் முழுக் கம்பி பத்தே முக்கால் கிலோவுக்கு ஒரு பிடி கம்மி. அந்தச் சிவில் பையன் கையில ஒரு துண்டையும் டேப்பையும் குடு. மொதல்ல வாயால எடை சொல்லட்டும், அப்புறம் தராசு, கடைசியில கீபோர்டு. மெஷின் 88 கிலோன்னு காட்டினா அவனுக்கே சிரிப்பு வரும். இப்ப வராது, நோட்டுல எழுதிடுவான்.

கரண்ட் பில்லும் அப்படித்தான். 500 யூனிட்டை ஒரு யூனிட் தாண்டினாலும் கீழ் ஸ்லாப் ரேட்டே மாறிடும். மே மாசம் ஏசி ஓடுற சேலையூர் வீட்டுல இதுக்கு நடக்கிற சண்டைதான்டா உன் 'இஃப் எல்ஸ்'.

இன்னொண்ணு சொன்னா பேத்தி. பைத்தான்ல ரேஞ்ச் ஒண்ணு, அஞ்சுன்னு போட்டா நாலோட நின்னுடுமாம். பீச் ஸ்டேஷன்ல தாம்பரத்துக்கு டிக்கெட் எடுத்தவனைச் சானடோரியத்துலயே இறக்கிவிடுற வண்டி! நீ இதைச் சொன்னா அரை நிமிஷத்துல மறந்துடுவான். ஓட்டுறதுக்கு முன்னால கேளு: அஞ்சு வருமா, வராதா, கை தூக்குங்கடா. பக்கத்துல இருக்கிறவனோட மல்லுக்கட்டட்டும், மறுபடி கை தூக்கட்டும், அப்புறம் ஓட்டு. ஹார்வர்டுல எரிக் மசூர்னு ஒரு பிசிக்ஸ் வாத்தியார் 1990-கள்லயே இப்படித்தான் கிளாஸ் நடத்தினாராம். நம்ம டீக்கடை பெஞ்சுல அதுக்கு முன்னாலயே நடக்குது, பேர் வைக்கத்தான் ஆள் இல்லை.

நியூசிலாந்துல பார்சன்ஸ், ஹேடன்னு ரெண்டு பேர் 2006-ல வேற ஒரு வழி எழுதினாங்களாம். புரோகிராமை வரிவரியா வெட்டிக் கலைச்சுப் போட்டுடு, பசங்க அடுக்கட்டும். எழுத்துப்பிழைக்கு அழ வேண்டாம், எதுக்கப்புறம் எதுன்னு யோசிச்சாப் போதும். ஒரு சிஸ்டத்துக்கு ரெண்டு பேர் உக்காரட்டும், ஒருத்தன் அடிக்க, ஒருத்தன் குத்தம் சொல்ல, பத்து நிமிஷத்துக்கொருதரம் இடம் மாறட்டும். நீ நடுவுல வாயைத் திறக்காம இருக்கணும். அது உனக்குக் கொஞ்சம் கஷ்டம்தான்.

போர்ஷன் முடியாதே மாமான்னு இழுப்பே. சத்தம் கேட்டு எச்ஓடி எட்டிப் பார்ப்பாரு. அதனாலதான் எடுத்த எடுப்புலயே சொன்னேன், ஒண்ணும் மாத்தாதேன்னு.

அப்படியும் மனசு கேக்கலைன்னா ஞாயித்துக்கிழமை வா. சீட்டுக்கட்டு ஒண்ணும் 12 எம்எம் துண்டு நாலும் எடுத்து வச்சிருக்கேன். சீட்டை நீயே வச்சுக்கோ. கம்பியைத் திருப்பிக் குடுத்துடணும், பழைய இரும்புக்காரன் கேட்டுட்டுப் போயிருக்கான்.