நூற்றுப் பதினொன்றாம் கதவும் நாலுரோட்டு பேக்கரியும்

கணினி உலகில் ஆர்பிசிபைண்ட் என்றொரு சிறு நிரல் உண்டு. அதன் பிறப்பிடம் அமெரிக்காவின் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் என்று நூல்கள் கூறும். அதை மறுத்து, கொங்கு நாட்டு டீ மாஸ்டரைப் பார்த்தே அது செய்யப்பட்டது என நிறுவுவது இக்கட்டுரையின் நோக்கம். இதற்குச் சான்று எதுவும் கிடைக்காததை இக்கட்டுரையாளர் ஒரு தடையாகக் கருதவில்லை.

பிற மாவட்டத்தார்க்கு ஒரு விளக்கம். கோவையில் பேக்கரி என்பது டீ குடிக்கும் இடம். தேங்காய் பன்னும் முட்டை பப்ஸும் கண்ணாடிக்குள் சாட்சிக்கு நிற்கும். குழாய் உடைந்தாலும், மோட்டார் காயில் கருகினாலும், வாடகைக்கு வீடு வேண்டுமானாலும் வீதிக்காரர் முதலில் போவது அங்கேதான். "ஏனுங்ணா, நம்ம காயில் கட்டறவரு இன்னைக்கு எங்கிருக்காருங்க?" டீயை ஆற்றியபடியே மாஸ்டர் இடம் சொல்வார்.

ஆர்பிசிபைண்டின் பிழைப்பும் இதேதான். சர்வரில் உள்ள சேவைகள் பலவும் அன்றன்று எந்தக் கதவு காலியோ அங்கே போய் உட்காரும். கணினிக்காரர்கள் கதவை போர்ட் என்பார்கள். உட்கார்ந்ததும் ஆர்பிசிபைண்டிடம் வந்து சொல்லிவைக்கும். வெளியார் நினைவில் வைக்க வேண்டிய கதவு ஒன்றே ஒன்று: 111. மூன்று கோடுகள் நம்மூரில் எதைக் குறிக்கும் என்று தெரியாமலா அந்த எண்ணைப் பிடித்திருப்பார்கள்? நாமமே நம் முதற்சான்று.

இரண்டாவது, முகவரி சொல்லும் முறை. 1995-இல் வெளியான ஆர்எப்சி 1833 என்ற ஆவணம் ஆர்பிசிபைண்டின் நடைமுறையை வரையறுக்கிறது. முகவரி சொல்லும்போது கதவெண்ணை 256-ஆல் வகுத்து, ஈவையும் மீதியையும் கணினியின் முகவரிக்குப் பின்னால் ஒட்ட வேண்டும். கோப்புகளைப் பகிரும் என்எப்எஸ் உட்காரும் 2049, இந்தக் கணக்கில் 8.1 ஆகிறது. எட்டாம் வீதி, முதல் வீடு. காந்திபுரத்தில் வழி கேட்டவர்க்கு இதற்குமேல் விளக்கம் வேண்டாம்.

மூன்றாவதே வலுவான சான்று. இந்த நிரலில் 'கால்இட்' என்றொரு வசதி இருக்கிறது. இடத்தை மட்டும் சொல்லாமல், கேட்டவருக்காகத் தானே சேவையைக் கூப்பிட்டுப் பதிலை வாங்கித் தரும். கூப்பிட்டது பலிக்கவில்லையென்றால் ஒன்றுமே சொல்லாது. ஆர்எப்சியிலேயே அப்படித்தான் இருக்கிறது. "இருங்க, நானே போன் போட்டுப் பாக்கறனுங்க" என்ற மாஸ்டர், எதிர்முனையில் எடுக்கவில்லையென்றால் அடுத்த கிளாஸைக் கழுவப் போய்விடுவார். 'இல்லை' என்ற சொல்லை வாயால் சொல்லாத இந்த மரியாதையைக் கலிபோர்னியாவில் கற்றிருக்க வழியில்லை.

சொன்ன இடத்தில் ஆள் இருக்கிறாரா என்று மாஸ்டர் சரிபார்ப்பதில்லை. காயில் கட்டுபவர் தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்துகொண்டிருப்பார். பேக்கரிக் கணக்கில் பட்டறையிலேயே இருப்பார். ஆர்பிசிபைண்டும் சொல்லிக்கொள்ளாமல் செத்த சேவையை உயிரோடு இருப்பதாகவே காட்டும்.

மாஸ்டர் ஊர் நோம்பிக்குப் போய்விட்டால்? ஏற்கெனவே வேலை பிடித்த பிளம்பர் வேலையைத் தொடர்வார். புதிதாகத் தேடுபவருக்குத்தான் வீதியில் பிளம்பரே இல்லை என்று தோன்றும். ஆர்பிசிபைண்ட் விழுந்தாலும் இதே கதை. எழுந்த பிறகு பழையது எதுவும் நினைவிருக்காது. விழுவதற்குமுன் நோட்டில் குறித்துவைத்திருந்தால் பிழைத்தது. இல்லையேல் எல்லாச் சேவைகளும் மறுபடி வந்து பேர் சொல்ல வேண்டும்.

எதிர்வாதம் ஒன்றுண்டு. மாஸ்டர் ஆள் பார்த்துத்தான் பேசுவார்; ஆர்பிசிபைண்ட் கேட்டவர்க்கெல்லாம் ஒப்பிக்கும். 2015-இல் இந்த வெள்ளந்தித்தனத்தைச் சிலர் பயன்படுத்திக்கொண்டார்கள். அடுத்தவர் முகவரியைத் தம் முகவரி என்று சொல்லிச் சின்னக் கேள்வி ஒன்றைக் கேட்பது. நீண்ட பதிலெல்லாம் அந்த அப்பாவியின் வாசலில் போய்க் குவியும். அதனால் 111-ஐ இணையத்துக்குத் திறந்துவைக்காதீர்கள் என்கிறார்கள். நியாயம்தான். பேக்கரியும் ராத்திரி ஷட்டரை இறக்கத்தானே செய்கிறது.

என்எப்எஸ்ஸின் நான்காம் பதிப்புக்கு ஆர்பிசிபைண்டே வேண்டாம். 2049 என்று நேராகப் போய்த் தட்டலாம். எங்கள் வீதியிலும் காயில் கட்டுபவர் தம் எண்ணை அச்சடித்து, மோட்டார் ரூம் கதவுகளில் ஸ்டிக்கர் ஒட்டிவிட்டார். மாஸ்டரின் காலம் முடிந்தது என்று ஒரு பின்னிணைப்பு எழுதும் எண்ணத்தோடு, பேக்கரி வாசலில் நின்றபடியே அந்த எண்ணுக்கு அடித்தேன். உள்ளே பெஞ்சில், பாதி டீக்குப் பக்கத்தில், போன் ஒலித்தது.