அண்ணாச்சியைக் கேளுங்க

கே: குற்றாலத்தில் சீசன் எப்போது களைகட்டும்? (கடையநல்லூர் வாசகர்)

ப: நீர் லீவு முடிந்து பஸ் ஏறிய மறுநாள்.

கே: மண்புழுவைத் தொட்டாலே குமட்டுகிறது அண்ணாச்சி. புழு இல்லாமல் தூண்டில் போட வழி உண்டா? (இலஞ்சி வாசகர்)

ப: உண்டு வே, பொய்மீன் கட்டும். சின்ன மீனைப் போட்டுப் பெரிய மீனைப் பிடி என்பார்கள். இதில் அந்தச் சின்ன மீனும் மிச்சம். வெள்ளைக்காரன் மீன் மாதிரிக் கட்டினாலும் ‘ஈ கட்டுவது’ என்றுதான் சொல்வான். நாம் ஈ ஓட்டுவோம், அவன் ஈ கட்டுவான். சென்னை மாகாண அதிகாரி எச்.எஸ். தாமஸ் 1873-ல் இந்தியத் தூண்டிலைப் பற்றிப் புத்தகம் போட்டார். ஆசை அடங்காமல் 1887-ல் குளத்துத் தூண்டிலுக்கென்றே இன்னொன்று. கச்சேரியில் பைல் எப்படி நகர்ந்ததோ!

சின்ன முள்ளாக எடுத்து, தண்டு முழுக்கத் தையல் நூலை நெருக்கிச் சுற்றும். அதன்மேல் வெள்ளிச் சரிகை, அதுதான் வயிறு. பழஞ்சேலைக் கரை போதும். (நான் கேட்காமல் புதுச்சேலையில் கைவைத்தேன். மூன்று நாள் பழைய சோறு.) தலைப்பக்கம் வெள்ளாட்டு முடி கொஞ்சம், மேலே உதிர்ந்த மயிலிறகில் இரண்டு இழை. அடி வெளுப்பு, முதுகு கருப்பு: கெண்டைக்குஞ்சு தயார். முடி முள்ளைவிட ரொம்ப நீண்டால், குறவை வாலை மட்டும் கடித்துவிட்டுப் போய்விடும், பந்தியில் அப்பளத்தை நொறுக்கிவிட்டு எழுந்துபோகிற சம்பந்தி மாதிரி.

கடைசியில் முடிச்சின்மேல் நகப்பாலிஷ். வெள்ளையில் ஒரு பொட்டு, அதற்குள் கருப்பில் ஒரு பொட்டு. இந்தக் கண்தான் விஷயமே! கண்ணைப் பார்த்துவிட்டு மீன் என்றான் நம் புலவன். குறவையும் கண்ணைப் பார்த்துத்தான் மீன் என்று நம்புகிறது. ஏமாந்ததில் அவனுக்குக் கிடைத்தது காவியம், இதற்குக் குழம்பு.

தண்ணீரில் போட்டுவிட்டுத் தூங்காதேயும். சுண்டும், நிறுத்தும், சுண்டும். அநேகமாக நிறுத்தும்போதுதான் கவ்வும்.

கே: காட்டுக்கோழி இறகு வைத்தால் நிறைய விழுமாமே? (செங்கோட்டை வாசகர்)

ப: நம் மலையில் இருக்கும் சாம்பல் காட்டுக்கோழிச் சேவலின் கழுத்திறகில் மெழுகு சொட்டின மாதிரிப் புள்ளி உண்டு. பொய்மீனுக்குக் கண் வைக்க இங்கிலாந்துக்காரன் அதை ஒரு காலத்தில் வாங்கிக் குவித்தான். இப்போது நீர் கோழியில் கைவைத்தால் வனத்துறை உம்மேல் கண் வைக்கும். நகப்பாலிஷ் பத்தாதா?

கே: ஜிலேபி மீன் இனிக்குமா?

ப: 1952-ல் இந்தியாவுக்கு வந்தது. இன்னும் யாரும் பாகு காய்ச்சவில்லை.

கே: பார்டர் பரோட்டாவா, மீன் குழம்பா?

ப: பரோட்டாவுக்கு மீன் குழம்பு. எல்லைப் பிரச்சினை தீர்ந்தது.

கே: அப்பாவோடு சிற்றாற்றில் தூண்டில் போட்டவன் நான். இப்போது மகனைக் கூட்டிப்போனால் மீனைக் காணோம். அவனுக்கு என்ன சொல்ல? (தென்காசி வாசகர்)

ப: இதில் விளையாட மனசு வரவில்லை. 1954-ல் சைலஸ் என்ற மீனியல் அறிஞர் ஒரு கெண்டைக்குத் தாமிரபரணியின் பெயரையே வைத்தார். ஆணின் முதுகுத் துடுப்பில் இழை இழையாக நீண்டிருக்கும். இந்த ஆற்றை விட்டால் அதற்கு வேறு ஊர் கிடையாது. அருவியில் நாம் கழுவிவிடும் ஷாம்பும் எண்ணெயும் சிற்றாற்றில் இறங்கி, சீவலப்பேரியில் தாமிரபரணியில்தான் கலக்கிறது. பையனுக்கு அதைக் காட்டும். அப்புறம் பொய்மீன் கட்டக் கற்றுக்கொடும். ஒரு மீனைப் போலச் செய்ய உட்கார்ந்தால், அதை ஒருதரமாவது உற்றுப் பார்த்தாக வேண்டும். முள் நுனிக்குப் பின்னால் இருக்கிற சிறு கொக்கியை நசுக்கிவிட்டால், விழுந்ததை அதிகம் நோகாமல் திரும்ப விட்டுவிடலாம்.

கே: தூண்டில் போடுகிறவன் சோம்பேறிதானே?

ப: உமது கேள்விக்குறியைத் தலைகீழாகப் பாரும், தூண்டில் முள். வாராவாரம் கவ்வுவது நான்தான்.