திராட்சைக்காரரின் புலம்பலுக்கு ஆதரவாக

மழை பெய்தாலும் புலம்புவார், பெய்யாவிட்டாலும் புலம்புவார் என்று விவசாயியைப் பற்றி மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்து சொல்கிறவர்கள் எல்லா நாட்டிலும் உண்டு. பிரான்சின் பர்கண்டிப் பகுதியில் ஐந்தாறு ஹெக்டேர் திராட்சை வைத்திருக்கும் குடும்பங்களைப் பற்றி என்றால், அந்தப் பேச்சில் ஏளனமும் சேர்ந்துகொள்ளும். ஒரு பாட்டில் என்ன விலைக்குப் போகிறது, இவர்களுக்கு என்ன குறைச்சல் என்பார்கள். என் கட்சி வேறு. கோடை தொடங்கும் மே, ஜூன் மாதங்களில் அந்த மனிதர் புலம்புவது சுபாவக் கோளாறு அல்ல. கொடி கேட்பதையும் வானம் கொடுப்பதையும் அருகருகே எழுதிக் கணக்குப் போட்டால் யாருக்கும் அந்த விடைதான் வரும். புலம்பாத திராட்சைக்காரர் இருந்தால் அவரைத்தான் டாக்டரிடம் காட்ட வேண்டும்.

முதல் சாட்சி உறைபனி. ஏப்ரலில் துளிர் விட்டதிலிருந்து மே நடுப்பகுதி வரை ஒரே ஓர் இரவு போதும், வருஷத்து விளைச்சல் போய்விடும். மே 11, 12, 13 ஆகிய நாட்களுக்குரிய மூன்று புனிதர்களுக்கு அங்கே ‘பனிப் புனிதர்கள்’ என்றே பெயர். காப்பாற்றுவதற்காக அல்லாமல், எப்போது தொலைவார்கள் என்பதற்காக நினைக்கப்படும் புனிதர்கள் வேறெங்கும் இருப்பதாகத் தெரியவில்லை. 2021 ஏப்ரலில் பனி வந்தபோது வரிசைகளுக்கு நடுவே பெரிய மெழுகுத் தீபங்களை ஏற்றி விடிய விடியக் காத்தார்கள். திறந்த வெளியைச் சூடாக்க ஒரு குடும்பம் பணம் கட்டுகிறது என்பதை யோசித்துப் பாருங்கள். பர்கண்டியிலேயே ஷாப்லி பக்கம் இன்னும் விசேஷம்: துளிர்மேல் தண்ணீரைத் தெளித்துக்கொண்டே இருப்பார்கள். தண்ணீர் உறையும்போது வெளிவிடும் வெப்பம் உள்ளே இருக்கும் துளிரைக் காக்கும். குளிரில் நடுங்குகிறவன் தலையில் குடம் குடமாக ஊற்றிப் பிழைக்கவைக்கும் இந்த வைத்தியம் பலிக்கிறது என்பதுதான் வேடிக்கை.

பனி போனதும் பூ. திராட்சைப் பூவுக்கு மல்லிகை போல விரிகிற இதழ் கிடையாது. இதழ்கள் ஒட்டிக் குல்லாய் மாதிரி இருக்கும். அது கழன்று விழுந்தால் மகரந்தச் சேர்க்கை தானாகவே நடந்துவிடும். பூத்து ஏறக்குறைய நூறு நாளில் அறுவடை. ஜூன் முதல் பாதியில் வருகிற இந்தப் பத்துப் பதினைந்து நாளில் கொடியின் கோரிக்கைகளைக் கேளுங்கள். இருபது, இருபத்தைந்து டிகிரி வெயில் வேண்டும், அதற்கு மேல் எரிக்கக் கூடாது. காற்று வேண்டும், அது முறிக்கக் கூடாது. வேருக்கு ஈரம் வேண்டும், பூவில் ஒரு சொட்டு படக் கூடாது. மழை பட்டால் குல்லாய் ஒட்டிக்கொள்ளும், பிஞ்சு உதிரும், குலை பல் போன வாயாகிவிடும். அந்த நேரம் பார்த்து ஜூன் 8 புனித மெடார் நாள் வரும். அன்று பெய்தால் நாற்பது நாள் பெய்யும் என்பது ஊர் நம்பிக்கை. மேல்முறையீட்டுக்கும் வழி இருக்கிறது: 11ஆம் தேதிக்குரிய புனித பார்னபே மனம் வைத்தால் அந்தத் தீர்ப்பை மாற்றலாமாம்.

சரி, பெய்யட்டுமே, மருந்து அடித்தால் போகிறது என்று ஒருவர் சொல்லலாம். தளிர் பத்து சென்டிமீட்டர், மழை பத்து மில்லிமீட்டர், வெப்பம் பத்து டிகிரி என்று மூன்று பத்துகள் கூடினால் அடிச்சாம்பல் நோய் கிளம்பும் என்பது தோட்டக்காரர்கள் விரல்விட்டு எண்ணும் கணக்கு. அதற்கான மயில்துத்தம், சுண்ணாம்புக் கலவையே திருடர் தயவில் கிடைத்தது. பிரான்சின் மெடாக் பகுதியில் வழிப்போக்கர் பறிக்காமலிருக்கச் சாலையோரக் கொடிகளில் நீலமாக எதையோ தெளித்திருந்தார்கள். அந்தக் கொடிகளுக்கு மட்டும் நோய் வராததை 1882இல் தாவரவியலாளர் மிலார்டே கவனித்தார். போர்டோ கலவை எனப்படும் இந்த மருந்து 1885இல் வெளியானது. அருமையான மருந்துதான், ஆனால் நல்ல மழை ஒன்று பெய்தால் கழுவிக்கொண்டு போய்விடும். திரும்ப அடிக்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியமோ ஏழு ஆண்டுக்கு ஹெக்டேருக்கு 28 கிலோ தாமிரம்தான் என்று வரம்பு கட்டியிருக்கிறது. மழைக்கு அப்படி ஒரு வரம்பை அது இன்னும் விதிக்கவில்லை.

மழையே இல்லாமல் இதமான வெயில் அடித்தால்? அப்போதும் புலம்பத்தான் வேண்டும், ஏனென்றால் கொடி ஒரே நாளில் சில சென்டிமீட்டர் வளரும். பர்கண்டியில் ஹெக்டேருக்குப் பத்தாயிரம் கொடி. ஐந்து ஹெக்டேர் என்றால் ஐம்பதாயிரம். ஒவ்வொன்றிலும் அடித்தண்டில் கிளம்பும் வேண்டாத தளிரைக் கிள்ளி, மிச்சத்தைக் கம்பிகளுக்கு நடுவே தூக்கிச் செருகி, தலையை வெட்ட வேண்டும். பெரும்பாலும் கைவேலை. முதல் வரிசைக்குத் திரும்பி வரும்போது அது தன்னை யாரும் தொடவே இல்லை என்பது போல் நிற்கும்.

ஆலங்கட்டி மழை தனிக் கதை. 2012, 2013, 2014 என்று தொடர்ந்து மூன்று வருஷம் பர்கண்டியின் வோல்னே, பொம்மார் ஊர்களை அடித்தது. ஆல்பர்ட் ஸ்டீகர் என்பவர் 1896இல் ஆஸ்திரியாவின் ஸ்டிரியாவில் மேகத்தை நோக்கிப் பீரங்கி சுட்டுப் பார்த்தார். மோகம் இத்தாலி வரை பரவியது. பிறகு இரண்டு அரசுகளும் நடத்திய சோதனையில் பயன் ஒன்றும் தெரியவில்லை. இன்றைக்கும் அந்தப் பீரங்கியை வாங்குகிறார்கள். நான் கேலி செய்ய மாட்டேன்: திருப்பிச் சுட முடிகிற புலம்பல் எவ்வளவு ஆறுதல்!

பாட்டில் விலைக்கு வருவோம். பெரும் விலைக்கு விற்கும் உச்சத் தர ஒயின், பர்கண்டி விளைச்சலில் நூற்றுக்கு ஒன்றிரண்டுதான். நிலமோ பாகம் பிரிந்து பிரிந்து துண்டாகிவிட்டது; க்ளோ த வூஜோ என்ற ஐம்பது ஹெக்டேர் தோட்டத்துக்கு மட்டும் ஏறக்குறைய எண்பது சொந்தக்காரர்கள். ஐந்து இடத்தில் துண்டு இருந்தால் ஓர் இடமாவது தப்பும், உண்மை. ஆனால் புயல் ஓய்ந்ததும் ஐந்து இடத்துக்கும் ஓடிப் பார்க்க வேண்டும். எல்லாம் கூடி வந்த வருஷமாவது சும்மா இருக்கலாம் அல்லவா என்றால், தெற்கே லாங்டாக்கைப் பாருங்கள். மிதமிஞ்சிய உற்பத்தியாலும் சர்க்கரை கலந்த போலிச் சரக்காலும் விலை விழுந்து, 1907 ஜூன் 9 அன்று மோன்பெலியே நகரில் லட்சக்கணக்கானோர் போராட்டத்துக்குத் திரண்டார்கள்.

நான் மதிக்கிற ஆட்சேபம் ஒன்றே ஒன்று. அது கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து வரக்கூடியது. 2023இல் புவிசார் குறியீடு பெற்ற பன்னீர் திராட்சை அங்கே ஆண்டு முழுவதும் காய்க்கிறது. பனிக்காலத் தூக்கம் கிடையாது, வருஷத்துக்குக் கவாத்தும் ஒன்றோடு முடிவதில்லை. பழுக்கிற சமயம் மழை பிடித்தால் பழம் வெடிக்கும். பீப்பாயில் போட்டு நல்ல விலைக்குக் காத்திருக்கவும் முடியாது, பறித்த கையோடு லாரி ஏற்ற வேண்டும். ஆகவே முதலிடம் கம்பத்துக்காரருக்கே என்று ஒப்புக்கொள்கிறேன். பர்கண்டிக்காரர் இதையும் ஒரு குறையாகத்தான் சொல்வார்.