சுவிட்ச் புலம்பலின் எட்டு வேற்றுமைகள்: ஒரு வடகரை ஆய்வு

வடகரையில் எம் வீட்டு மாடியில் ஒரு சுவிட்ச் உண்டு. விளக்குச் சுவிட்ச் அன்று. கம்ப்யூட்டர்களைக் கோக்கும் நெட்வொர்க் சுவிட்ச். சாரல் காலத்தில் அது புலம்பக் கேட்டதன் விளைவே இவ்வாய்வு.

1. தோற்றம்
இப்புலம்பலுக்குப் பெயர் சிஸ்லாக். 1980களில் சென்ட்மெயில் என்னும் அஞ்சல் மென்பொருளை எழுதிய எரிக் ஆல்மன் இதைத் தொடங்கினார். 2009இல்தான் ஆர்.எஃப்.சி. 5424 என்னும் இணைய நெறி ஆவணம் வந்து விதி சொன்னது. இலக்கியம் முந்தி, இலக்கணம் பிந்தி. ஆகவே தமிழ் மரபே.

2. எண்ணிக்கை
புலம்பலின் அவசர நிலைகள் 0 முதல் 7 வரை; எண் சிறுத்தால் அவசரம் பெரிது. ஏழா, எட்டா என மயங்குவோர் தொல்காப்பியரை நினைக்க: வேற்றுமை ஏழு என்று தொடங்கி, விளியோடு எட்டு என்று முடித்தவர் அவர். இங்கும் கடைசி நிலையான டீபக், ஓயாமல் கூப்பிடுகிறது. எனவே அது விளி.

3. மயக்கம்
சிஸ்கோ சுவிட்சில் கேபிளைப் பிடுங்கினால் மூன்றாம் நிலைப் பிழை. திரும்பச் செருகினாலும் மூன்றாம் நிலைப் பிழையே. மகள் புகுந்த வீடு போனாலும் அழுகை, திரும்பி வந்தாலும் அழுகை.

4. மறுப்பு
“எல்லாவற்றையும் எழுதட்டுமே” என்பர் ஒரு சாரார். அவர்கள் குற்றாலம் பேரருவிக்குப் போய் வருக. தண்ணீர் அங்குள்ள பாதுகாப்பு ஆர்ச்சைத் தாண்டினால்தான் குளிக்கத் தடை. தூறலுக்கெல்லாம் விசில் ஊதினால், வெள்ளம் வரும் நாளில் எவரும் கரையேறார். ஆகவே சுவிட்சிடம் ‘லாகிங் ஹோஸ்ட்’ என்று, புலம்பலைச் சேர்த்துவைக்கும் சர்வரின் முகவரியைத் தந்து, ‘லாகிங் ட்ராப் 4’ என்க. 0 முதல் 4 வரை மட்டுமே அங்கு போகும். சர்வர் இல்லையேல், புலம்பல் சுவிட்சின் நினைவிலேயே கிடந்து, கரண்ட் போனதும் அழியும்.

5. காலம்
புலம்பிய நேரத்தைச் சரியாகச் சொல்ல, நெட்வொர்க் வழியே நேரம் தரும் என்.டி.பி. வேண்டும். இல்லையேல் பழைய சிஸ்கோ சுவிட்ச், விழிக்கும்போதெல்லாம் அன்று 1993 மார்ச் 1 என்றே கொள்ளும். ஆனால் ஐயத்துக்கு ஒரு நட்சத்திரக் குறியும் இடும். இந்நேர்மை ஆய்வாளர்க்கும் வாய்க்கட்டும்.

6. முடிபு
எஞ்சியது 0, அதாவது எழுவாய். எழுவாய்க்கு உருபில்லை, 0க்கோ பெரும்பாலும் குரலே இல்லை. செத்த சுவிட்ச் சேதி அனுப்பாது. புலம்பல் கேளாத இரவே மாடிக்கு ஓட வேண்டிய இரவு. அருவி வற்றியதை எந்த அருவியும் சொல்லி அனுப்புவதில்லை; குற்றாலம் பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தால் நாமே தெரிந்துகொள்கிறோம்.