ஸ்டாக்ஹோம் போன முதல் சரக்கு

திருப்பூர்க்காரனுக்கு ஸ்டாக்ஹோம் என்றால் பையர். எச் அண்ட் எம் கம்பெனியின் தலைமையகம் அந்த ஊரில் இருக்கிறது. அங்கே ஆபீஸ் திறந்து மெயில் வர ஆரம்பித்தால், இங்கே மெர்ச்சண்டைசர் பையன்களுக்கு மத்தியானச் சோறு இறங்காது. ஆனால் நம்ம ஊர் வெள்ளை பனியனை மட்டும் டஜன் கணக்கில் கட்டிக்கொண்டிருந்த 1962-லேயே ஒரு தமிழர் ஸ்டாக்ஹோம் போயிருக்கிறார். போனது செஸ் ஆட. வந்தது கடைசி இடம். வரும் வழியில் இரண்டு பெரிய தலைகளின் பிழைப்பையும் கெடுத்துவிட்டு வந்தார்.

பெயர் மானுவல் ஆரோன். 1935-ல் பர்மாவில் டவுங்கூவில் பிறந்தவர். இந்தியாவின் முதல் இன்டர்நேஷனல் மாஸ்டர். அன்றைக்கு ஒரே இன்டர்நேஷனல் மாஸ்டரும் அவர்தான். கிராண்ட் மாஸ்டர் என்ற ஜாதியே நாட்டில் கிடையாது. திண்ணைகளில் ஆடியதோ நாட்டுச் சதுரங்கம்: சிப்பாய் முதல் நகர்விலும் ஒரே கட்டம்தான் போகும், கோட்டை கட்டுவதற்குப் பதிலாக ராஜா ஒரே ஒரு தடவை குதிரை மாதிரி எகிறிக் குதிப்பார். உலகம் ஒரு சட்டத்தில் ஆட, நாம் ஒரு சட்டத்தில் ஆடிக்கொண்டு, நாம்தான் கண்டுபிடித்தோம் என்று பெருமையும் பேசிக்கொண்டிருந்த காலம். இங்கே சர்வதேச விதிகளைப் பழக்கிவிட்டவர்களில் ஆரோன் முக்கியமானவர்.

ஸ்டாக்ஹோம் டிக்கெட் சும்மா கிடைக்கவில்லை. மேற்கு ஆசியப் போட்டியில் மங்கோலியாவின் மோமோவைக் கவிழ்த்தார். அடுத்து ஆஸ்திரேலியாவின் பர்டி. இந்த பர்டி லேசுப்பட்டவர் இல்லை, தபால் செஸ்ஸில் உலகின் முதல் சாம்பியன். தபால் செஸ்ஸில் ஒரு சௌகரியம், கடுதாசி போய்ச் சேரும்வரை நிதானமாக யோசிக்கலாம். நேரில் உட்கார்ந்தபோது போஸ்ட்மேன் வரவில்லை. 3-0.

ஜனவரிக் கடைசியில் ஸ்வீடன் குளிரில் இன்டர்ஸோனல் தொடங்கியது. 23 பேர், ஆளுக்கு 22 ஆட்டம், மார்ச் வரை இழுத்தது. முதல் ஆறு பேருக்கு கேண்டிடேட்ஸ் போட்டியில் இடம். அதில் ஜெயித்தால் உலக சாம்பியனோடு மோதலாம். சோவியத்திலிருந்து பெட்ரோஸியான், கெல்லர், கோர்ச்னாய், ஸ்டைன் என்று நாலு பேர். செஸ்ஸை அரசாங்கமே சோறு போட்டு வளர்த்த நாடு அது. அமெரிக்காவிலிருந்து பாபி ஃபிஷர். வயது 18. தன்னிடம் 17 சூட், எல்லாம் கையால் தைத்தது என்று ஒரு பத்திரிகைப் பேட்டியில் அளந்திருந்த பொடியன். பேட்டி எடுத்தவர் உள்ளே போடும் பனியன் எந்த ஊர்ச் சரக்கு என்று கேட்காமல் விட்டது பெரிய குறை.

ஃபிஷர் ஒரு ஆட்டம்கூடத் தோற்காமல் 17½ புள்ளி எடுத்து முதலிடம் வந்தார். சோவியத்காரர் அல்லாத ஒருவர் இன்டர்ஸோனலை ஜெயித்தது அதுதான் முதல் தடவை. அந்தக் கதையை எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள். நாம் பட்டியலின் அடியிலிருந்து வருவோம்.

அடியில் ஆரோன். இருபத்து மூன்றாவது. அடி மேல் அடி. நான் இதை எழுதப் போகிறேன் என்றதும் எங்கள் தெரு கட்டிங் மாஸ்டர் கேட்டார்: "ஏனுங்க, கடைசியா வந்தவரப் போயி எழுதறீங்களா?" அவருக்குப் புரிகிற பாஷையில் சொன்னேன்: ஏக்யூஎல் இன்ஸ்பெக்‌ஷன் வைத்தால் மொத்த லாட்டும் ரிஜெக்ட்தான். ஆனால் அதற்குள் இரண்டு பீஸ் இருக்கிறதே, கோல்டு சீல் சாம்பிளே தோற்றுப்போகும்!

முதல் பீஸ், ஹங்கேரியின் லாயோஷ் போர்டிஷ். பின்னாளில் உலக சாம்பியன் பட்டத்துக்காக எட்டு தடவை கேண்டிடேட்ஸ் வரை போய் முட்டியவர். நன்றாகப் பாடவும் செய்வார். ஆரோனிடம் தோற்ற ராத்திரி பாடியிருக்க மாட்டார் என்று நம்புகிறேன். இரண்டாவது பீஸ், கிழக்கு ஜெர்மனியின் வொல்ஃப்காங் உல்மன். பிரெஞ்சு டிஃபென்ஸ் என்ற ஒரே ஆட்டத்தைக் கட்டிக்கொண்டு ஆயுசெல்லாம் குடும்பம் நடத்தியவர். இரண்டு பேரும் கிராண்ட் மாஸ்டர்கள். இரண்டு பேரையும் இந்த 23-ஆவது ஆள் சாய்த்துவிட்டார்.

இதோடு நின்றிருந்தால் 'ஆறுதல் வெற்றி' என்று எழுதிவிட்டுப் போகலாம். கணக்கைப் பாருங்கள். போர்டிஷும் உல்மனும் கடைசியில் எடுத்தது ஆளுக்கு 12½. ஆறாவது இடத்துக்கு மோதிக்கொண்டு நின்ற கிளிகோரிச், பென்கோ, ஸ்டைன் மூவருக்கும் 13½. மற்றவர்களிடமும் கோட்டைவிட்டிருப்பார்கள், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் ஊரே வரிசையில் நின்று அள்ளிக்கொண்டு போன இடத்தில் இந்த இரண்டு மகானுபாவர்களும் ஒரு புள்ளியை எடுத்திருந்தால், ஐந்து பேராக ப்ளே-ஆஃப் ஆடியிருக்கலாம். கேண்டிடேட்ஸ் நடந்ததோ கரீபியனில், குராசாவ் தீவில். கடற்கரை, வெயில். அதைக் கெடுத்தது நம்ம ஆள்.

ப்ளே-ஆஃபில் ஜெயித்தது ஸ்டைன். ஆனால் ஒரே நாட்டுக்காரர்கள் கூட்டமாகப் போகக்கூடாது என்ற விதியால் அவரை நிறுத்திவிட்டு பென்கோவை அனுப்பினார்கள். அந்த பென்கோ குராசாவ் போய் ஃபிஷரோடு சண்டை போட்டு ஒரு அறையும் விட்டார். இதற்கும் ஆரோனுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. சொல்லாமல் விட மனசில்லை, அவ்வளவுதான்.

ஊர் திரும்பிய ஆரோன் துவண்டு படுத்துவிடவில்லை. 1959-லிருந்து 1981-க்குள் ஒன்பது தடவை தேசிய சாம்பியன். போர்டிஷும் தன் நாட்டில் ஒன்பது தடவைதான். அர்ஜுனா விருது வாங்கிய முதல் செஸ் ஆட்டக்காரரும் ஆரோன்தான். 1972-ல் மெட்ராஸில் சோவியத் கலாச்சார மையத்துக்குள் டால் செஸ் கிளப்பை ஆரம்பித்தார். சோவியத்காரன் இடத்திலேயே உட்கார்ந்து, சோவியத்காரன் பெயரையே வைத்து, அவர்களைத் தோற்கடிக்கப் பையன்களைத் தயார் செய்வது என்றால் அதற்கும் ஒரு நெஞ்சழுத்தம் வேண்டும். விஸ்வநாதன் ஆனந்த் சின்னப் பையனாகப் போய் ஆடியது அந்தக் கிளப்பில்தான்.

ஆனாலும் ஆரோன் பட்டம் வாங்கிய பிறகு இந்தியாவுக்கு இரண்டாவது இன்டர்நேஷனல் மாஸ்டர் கிடைக்கப் பதினேழு வருஷம் ஆனது. பரமக்குடி ரவிக்குமார், 1978. அதே வருஷம்தான் இத்தாலியிலிருந்து வெரோனா என்ற பையர் மும்பை வழியாக விசாரித்துக்கொண்டு திருப்பூர் வந்து, நம்ம ஊருக்கு எக்ஸ்போர்ட் ஆர்டர் கொடுத்தார். இன்றைக்குப் பையர் கொஞ்சம் லேட் பண்ணினால் இந்த ஊர் தலையில் கை வைத்துக்கொள்கிறது.