மதியமும் தூங்காத சிஸ்மெயின்

1954 நவம்பர் 1-ல் புதுச்சேரி நிர்வாகம் பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து கைமாறியது. மதியத் தூக்கம் மட்டும் கைமாறவில்லை. இன்றும் பல கடைகள் ஒரு மணிக்கு ஷட்டரை இறக்கினால் நாலு மணிக்குத்தான் ஏற்றுகின்றன. ஊரே குறட்டை விடும் அந்த நேரத்தில் ஜெராக்ஸ் கடைக் கம்ப்யூட்டர் மட்டும் உறுமிக்கொண்டிருக்கிறது.

"அண்ணே, நான் ஒண்ணுமே பண்ணலியே!"

"அதாம்பா, நீ சும்மா இருந்தாத்தான் அதுக்கு வேலை."

டாஸ்க் மேனேஜரைத் திறந்தால் டிஸ்க் 100 சதவீதம். முதல் வரியில் 'சர்வீஸ் ஹோஸ்ட்: சிஸ்மெயின்'. விண்டோஸ் விஸ்டா காலத்தில் சூப்பர்ஃபெட்ச் என்ற பெயரில் பிறந்தவர். பிறகு பெயரை மாற்றிக்கொண்டார், குணத்தை அல்ல. அடுத்து நாம் எதைத் திறப்போம் என்று ஜோசியம் பார்த்து, அதை முன்கூட்டியே மெமரியில் ஏற்றி வைப்பது உத்தியோகம். பழைய ஹார்ட் டிஸ்க்கில் அந்த ஜோசியம் முடிவதற்குள் ஆதார் நகல் எடுக்க வந்தவர் வீட்டுக்கே போய்விடுவார்.

சர்வீசஸ் பட்டியலில் சிஸ்மெயினைத் தேடி 'ஸ்டாப்' கொடுங்கள். ஆத்திரத்தில் எல்லா சர்வீஸ் ஹோஸ்ட்டையும் கொன்றுவிடாதீர்கள். நெட்வொர்க்கும் ஒலியும் அந்தக் குடும்பம்தான். அப்படியும் வேகம் வரவில்லையா? எஸ்.எஸ்.டி. ஒன்று வாங்கிப் போடுங்கள்.